சாவியும் சாளரமும் – 9: கால் எட்டாத கட்டில்

சென்ற வாரம் கதை பிலடெல்பியாவில் நின்றது. மனநல மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும் என்று காற்றோட்டம் முதல் கதவுப் பூட்டு வரை 1854இல் ஒரு புத்தகமாகவே எழுதிவைத்தார் டாக்டர் தாமஸ் கிர்க்பிரைட். நடுவில் நிர்வாகக் கட்டடம், இருபுறமும் பறவை சிறகு விரித்தாற்போல் படிப்படியாகப் பின்வாங்கும் வார்டுகள், ஜன்னலுக்கு வெளியே மரமும் வயலும். 250 நோயாளிகளுக்கு மேல் கூடாது என்பது அவர் கிழித்த கோடு. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கோடு அழிந்தது. 1866இல் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களின் சங்கமே 600 வரை போகலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது.

பிறகு 600 ஆயிரமாயிற்று. ஆயிரம் இரண்டாயிரமாயிற்று. குணமாக்குவதற்கென்று விரித்த சிறகுகள் கிடங்குகளாயின.

அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் கட்டியவர்களெல்லாம் ஒரே இடத்தில் நின்றுதான் வரைபடத்தைப் பார்த்தார்கள். நடைபாதையின் ஒரு முனையில், சாவிக்கொத்தோடு நிற்கும் ஊழியரின் இடம் அது. எதிர்முனையில், கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே நடைபாதை எப்படித் தெரிகிறது என்று கேட்க ஆளில்லை.

அந்தக் கேள்வி கிளம்பிய இடம் லண்டனோ நியூயார்க்கோ அல்ல.

* * *

சஸ்காச்சுவான். கனடாவின் நடுவே கோதுமை விளையும் சமவெளி மாகாணம். கண்ணுக்கு எட்டிய வரை மேடில்லை, மலையில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, நாற்பது பாகைக்குப் போகும். தலைநகர் ரெஜைனாவிலிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் வேபர்ன் என்ற சிற்றூர்.

1921 டிசம்பர் கடைசியில் அந்தச் சிற்றூரின் ஓரத்தில் ஒரு பிரம்மாண்டம் திறக்கப்பட்டது. செங்கல் அரண்மனை என்றே சொல்லலாம். மாகாணத்தின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்று. சுற்றிலும் மரம் நட்டார்கள், தோட்டம் போட்டார்கள், பண்ணை வைத்தார்கள். வெட்டவெளியில் தொலைவிலிருந்தே அது தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அழகுதான்.

உள்ளே கதை வேறு. 1940களின் நடுவில் அங்கே ஏறக்குறைய 2,500 பேர் இருந்தார்கள். கட்டும்போது மனதில் வைத்த எண்ணிக்கையைப்போல் இரண்டு பங்குக்கும் மேல். கட்டிலோடு கட்டில் இடித்துக்கொண்டு கிடந்தது. தனக்கென்று ஒரு பெட்டி வைத்துக்கொள்ளக்கூட இடமில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே கிழவர்களானவர்கள் ஏராளம்.

அந்த ஊருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1930களில் வேபர்ன் பாப்டிஸ்ட் சபையில் பாதிரியாராக இருந்த ஓர் இளைஞர், பின்னால் அரசியலுக்குப் போய் 1944இல் மாகாணத்தின் முதல்வரானார். டாமி டக்ளஸ். கனடாவில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்ற ஏற்பாட்டுக்குத் தந்தை என்று இன்றும் கொண்டாடப்படுபவர். பதவிக்கு வந்த கையோடு மருத்துவத் துறையைத் தலைகீழாகப் புரட்டத் தொடங்கினார். பணம் குறைவு, துணிச்சல் அதிகம் என்ற வகை அரசாங்கம். வேறெங்கும் வேலை கிடைக்காத யோசனைகளுக்கெல்லாம் அங்கே நாற்காலி கிடைத்தது.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட்.

* * *

ஆஸ்மண்ட் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை மருத்துவர். போருக்குப் பின் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஸ்மைத்தீஸ் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டார். மெஸ்கலின் என்ற கள்ளிச் சத்தைச் சாப்பிட்டவருக்குத் தோன்றும் காட்சிகளும், மனச்சிதைவு நோயாளிகள் சொல்லும் அனுபவங்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவே. அப்படியானால் நோயாளியின் உடம்பே மெஸ்கலின் போன்ற ஒரு நஞ்சைச் சுரக்கிறதோ?

லண்டனில் இதற்குக் காது கொடுப்பார் இல்லை. 1951இல் குடும்பத்தோடு கப்பலேறி வேபர்னுக்கு வந்துவிட்டார். ஓரிரு ஆண்டுகளில் மருத்துவமனையின் பொறுப்பே அவர் கைக்கு வந்தது.

1953 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு அரைக் கோப்பைத் தண்ணீரில் மெஸ்கலினைக் கலந்து கொடுத்தவர் இவர்தான். மனதைத் திறந்து காட்டும் பொருள் என்ற கருத்தில் 'சைகடெலிக்' என்ற சொல்லைப் படைத்தவரும் இவரே. பின்னால் அந்தச் சொல் ஹிப்பிகளின் சட்டையிலும் இசைத்தட்டு உறையிலும் ஏறி எங்கெங்கோ போனது. இந்தத் தொடருக்கு அது தேவையில்லை. தேவையானது அதன் ஓரத்தில் நடந்த வேறொன்று.

ஆஸ்மண்டும் அவருடைய தோழர் ஆப்ரம் ஹாஃபரும் எல்.எஸ்.டி.யை ஆய்வுப் பொருளாகக் கையாண்டார்கள். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் தயாரித்தது. அதன் விளைவை 1943இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் தன் உடம்பிலேயே கண்டறிந்திருந்தார். 1950களில் அது சட்டப்படி ஆய்வுக்குக் கிடைத்த மருந்து. அதை மருத்துவர்களே எடுத்துக்கொண்டார்கள். நோயாளியின் உலகத்துக்குள் ஒரு நாள் போய்விட்டு வரலாம் என்பது கணக்கு.

போய்விட்டு வந்த ஆஸ்மண்டின் கண்ணில் முதலில் பட்டது தன் மருத்துவமனைதான். தூரம் குழம்புகிறது. நேரம் நிற்கிறது அல்லது ஓடுகிறது. நிறம் அடிக்கிறது. தன் உடம்பின் அளவே நிச்சயமில்லை. இப்படி ஒருவர் தவிக்கும்போது அவரைக் கொண்டுபோய் முடிவே தெரியாத நடைபாதையிலும், ஐம்பது பேர் அடைந்து கிடக்கும் கூடத்திலும், பேச்சு சுவரில் மோதித் திரும்பும் அறையிலும் விட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே காதில் குரல் கேட்கிறவருக்கு எதிரொலி வேறு.

இந்தக் கட்டடம் நோயை ஆற்றவில்லை, நோயோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1957இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இடங்களை இரண்டாகப் பிரித்தது. மனிதரை மனிதரிடமிருந்து விலக்கும் இடம் ஒன்று, மனிதரை மனிதரோடு கூட்டும் இடம் மற்றொன்று. ரயில் நிலையமும் சிறையும் முதல் வகை. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கூம்புக் கூடாரமும் எஸ்கிமோவின் பனிவீடும் இரண்டாம் வகை. நம் திண்ணையை ஆஸ்மண்ட் பார்த்திருந்தால் இரண்டாம் பட்டியலில் தாராளமாகச் சேர்த்திருப்பார். உலகின் மனநல மருத்துவமனைகள் ஏறக்குறைய எல்லாமே முதல் பட்டியலில்தான் விழுந்தன.

* * *

அதே 1957இல் ராபர்ட் சாமர் என்ற இளம் உளவியலாளர் வேபர்னுக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்மண்ட் அவரிடம் காட்டியது வயதான பெண்களின் வார்டு ஒன்றை.

அந்த வார்டு மருத்துவமனையின் பெருமை. பணம் செலவழித்துப் புதுப்பித்திருந்தார்கள். புது நாற்காலிகள், புதுத் திரைச்சீலைகள், பளிச்சென்ற நிறங்கள். பார்வையாளர்கள் வந்தால் இங்கேதான் முதலில் அழைத்துப்போவார்கள். ஆனால் ஒரு சிக்கல். வார்டு அழகான பிறகும் பாட்டிமார் முகத்தில் மாற்றமில்லை. பழையபடி வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

சாமர் வார்டிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். நோயாளிகளைப் பார்த்ததைவிட நாற்காலிகளைத்தான் அதிகம் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். தோளோடு தோள். பக்கத்திலிருப்பவரோடு பேச வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். எதிரிலிருப்பவரோடு பேச வேண்டுமென்றால் கூடத்தைத் தாண்டிக் கத்த வேண்டும். வயதான காதுக்கு இரண்டுமே நடக்காத காரியம். நடுக்கூடத்தில் தூண்கள் இருந்தன. ஒவ்வொரு தூணைச் சுற்றியும் நான்கு நாற்காலிகள், முதுகைத் தூணுக்குக் காட்டியபடி. நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு திசையைப் பார்ப்பார்கள்.

யார் இப்படிப் போட்டது? கேட்டால் ஒருவரும் இல்லை. தரை துடைக்க வசதி. சாப்பாட்டு வண்டி தள்ள வசதி. வாசலிலிருந்து பார்த்தால் ஒழுங்கு. இப்படி ஆளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஆண்டுகள் ஓடி, அதுவே சட்டம்போல் ஆகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் துப்புரவுப் பணியாளர் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்குவார் அல்லவா? அடுக்கியபடியே விருந்தினரை உட்காரவைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

சாமர் நாற்காலிகளைச் சுவரிலிருந்து பிரித்து, எதிரும் புதிருமாகச் சிறு வட்டங்களாகப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் எல்லாம் மறுபடி சுவரோரம். நோயாளிகளே நகர்த்தியிருந்தார்கள்! நாற்காலியின் இடம் அதுதான் என்று அவர்கள் மனதில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் ஒரு காலத்தில் தன் இஷ்டப்படி சாமான்களை மாற்றி மாற்றி வைத்திருந்த பெண்கள்தான் இவர்கள்.

அடுத்து மேசைகளைக் கொண்டுவந்தார். சிறிய சதுர மேசைகள், அவற்றைச் சுற்றி நாற்காலிகள். மேசைமேல் பூ ஜாடி, பத்திரிகைகள். இதுவும் எளிதாக நடக்கவில்லை. வேலை கெடுகிறது, வழி அடைகிறது என்று ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மேசை என்பது நாற்காலியை ஓரிடத்தில் கட்டிப்போடும் நங்கூரம். இந்தமுறை நாற்காலிகள் சுவருக்குத் திரும்பவில்லை.

சில வாரங்கள் கழித்து எண்ணிப் பார்த்தபோது வார்டில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. படிப்பதும் கூடியிருந்தது. அதுவரை பத்திரிகை படிக்காததற்குக் காரணம் நோயில்லை, படித்ததை வைக்க இடமில்லாததுதான். தரையில் வைத்தால் குப்பையென்று பெருக்கிவிடுவார்கள்.

ஒரு மாத்திரை கூடுதலாகத் தரவில்லை. ஓர் ஊழியரைக்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. மனநல மருத்துவத்தின் வரலாற்றில் இதைவிட மலிவான சிகிச்சை அதிகம் இல்லை.

ஆனால் நாற்காலியை நகர்த்தலாம். சுவரை?

* * *

அதற்குத்தான் கியோஷி இசுமி.

இசுமி வான்கூவரில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர். இரண்டாம் உலகப் போரின்போது மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த இந்தச் சமூகத்தார் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கனடிய அரசு வீட்டைவிட்டுக் கிளப்பி உள்நாட்டு முகாம்களுக்கு அனுப்பியது. ஒரு மனிதன் எந்த அறையில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று வேறு யாரோ தீர்மானிப்பது அந்தத் தலைமுறைக்குப் புதிதில்லை. இசுமி கட்டடக்கலை படித்து, ரெஜைனாவில் கூட்டாளிகளோடு தொழில் நடத்திக்கொண்டிருந்தார்.

1950களின் நடுவில் மனநல மருத்துவமனைகளைச் சீரமைக்கவும் புதிதாக வடிவமைக்கவும் யோசனை சொல்லும் வேலை அவரிடம் வந்தது. வழக்கமாக ஆர்க்கிடெக்ட் இந்த மாதிரி வேலைக்கு என்ன செய்வார்? மருத்துவர்களைக் கேட்பார், செவிலியரைக் கேட்பார், எத்தனை கட்டில், எத்தனை குளியலறை என்று பட்டியல் வாங்குவார். இசுமியும் கேட்டார். நோயாளிகளிடமும் பேசினார். அவர்கள் சொன்னது விளங்கவில்லை. சுவர் நெருங்கி வருகிறது என்று ஒருவர் சொன்னால், அதை வரைபடத்தில் எங்கே குறிப்பது?

ஆஸ்மண்ட் வழி சொன்னார். எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நடந்து பாருங்கள்.

இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். இன்று எந்த நாட்டிலும் ஓர் அரசாங்க வேலைக்கு அமர்த்திய கட்டடக் கலைஞரிடம் ஒரு மருத்துவமனைத் தலைவர் இப்படிச் சொன்னால் அன்றைக்கே இருவருக்கும் வேலை போய்விடும். 1950களின் பிற்பகுதியில், அந்தச் சமவெளியில், மருத்துவ மேற்பார்வையோடு அது நடந்தது. ஒருமுறை அல்ல, சில முறை.

உள்ளே போனதும் சிறிது நேரத்தில் மருந்து வேலையைக் காட்டத் தொடங்கும். பல மணி நேரம் விடாது. அந்த நிலையில் இசுமி தான் தொழில்முறையில் பல தடவை பார்த்திருந்த இடங்களுக்குள் நடந்தார்.

நடைபாதை முதலில் மிரட்டியது. அகலம் அளந்து, நீளம் அளந்து வைத்திருந்த அதே நடைபாதை இப்போது முடியவே இல்லை. நடக்க நடக்க எதிர்ச் சுவர் அங்கேயே நின்றது.

அடுத்து சுவர். கழுவ வசதியென்று பதித்த மினுக்கும் டைல்ஸ். விளக்கொளி அதில் பட்டுத் தெறித்தது. மங்கல் பழுப்பு நிறத்தைப் பக்கம் பக்கமாக, தளம் தளமாகப் பூசியிருந்தார்கள். யார் கண்ணையும் உறுத்தாது என்று தேர்ந்தெடுத்த நிறம். அந்த ஒரே நிறத்தின் நீளமே சித்திரவதையாயிருந்தது.

பிறகு அலமாரி. சுவருக்குள் பதித்த அலமாரிகளுக்குக் கதவில்லை. கண்காணிப்பவருக்கு அது வசதி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். இசுமியின் கண்ணுக்கு அவை அலமாரிகளாகத் தெரியவில்லை. சுவரில் திறந்திருக்கும் இருட்டுக் குகை வாய்களாகத் தெரிந்தன. உடுப்பை எடுக்க அதற்குள் கை விடுவதா? காலையில் உடை மாற்ற மறுக்கும் நோயாளியைப் பற்றி 'ஒத்துழைப்பதில்லை' என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், அவர் எதைப் பார்த்துக் கை நீட்ட மறுத்தார் என்று அதுவரை கேட்ட ஆர்க்கிடெக்ட் இல்லை.

கடைசியாகக் கட்டில்.

மருத்துவமனைக் கட்டில் ஏன் உயரமாக இருக்கிறது? செவிலியருக்கு இடுப்பு வலிக்கக் கூடாது என்பதற்காக. உடம்பு நோயாளி சில நாள் படுத்துவிட்டுப் போகும் இடத்தில் அது நியாயம். வேபர்னில் இருந்தவர்கள் படுத்த படுக்கையானவர்கள் இல்லை, எழுந்து நடமாடுகிறவர்கள். அந்தக் கட்டில்தான் அவர்களுக்கு நாற்காலி, வீடு, சொந்த நிலம் எல்லாம். அதன் விளிம்பில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. அந்தரத்தில் தொங்கியது. தன் உடம்பு எங்கே முடிகிறது, உலகம் எங்கே தொடங்குகிறது என்பதே நிச்சயமில்லாத ஒருவருக்குப் பாதம் தரையில் பதிவதுதான் கடைசிப் பிடிமானம். கட்டிலைச் செய்தவர்கள் அதைத்தான் உருவிவிட்டிருந்தார்கள்.

சில அங்குல உயரம்.

நேரம் இன்னொரு தொல்லை. மணி என்ன, தேதி என்ன என்று சொல்லும் பொருள் கண்ணில் படும் இடத்தில் இல்லையென்றால் பகல் எது, மாலை எது என்று பிடிபடாது. கடிகாரமும் நாள்காட்டியும் அலங்காரமல்ல, மருந்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியவை என்று இசுமி உணர்ந்தார்.

மருந்தின் வேகம் தணிந்த பிறகு அவர் மறுபடி நோயாளிகளிடம் போனார். இந்தமுறை அவர்கள் சொன்னது புரிந்தது. சுவர் நெருங்கி வருவதைப் பற்றி இனி அவரோடு பேசலாம்.

* * *

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்மண்டின் மூலக் கருத்து நிலைக்கவில்லை. நோயாளியின் உடம்பு மெஸ்கலின் போன்ற நஞ்சைச் சுரக்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவே இல்லை. எல்.எஸ்.டி. மயக்கமும் மனச்சிதைவும் ஒன்றல்ல. ஒரு மாலையில் தெளிந்துவிடும் என்று தெரிந்து உள்ளே போகிறவருக்கும், தெளியுமா என்றே தெரியாமல் உள்ளே இருப்பவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தப்பான வண்டியில் ஏறி, சரியான ஊரில் இறங்கிய கதை இது. வண்டி தப்பு என்பதால் ஊர் பொய்யாகிவிடாது. கால் எட்டாத கட்டில், மருந்து சாப்பிடாதவருக்கும் கால் எட்டாத கட்டில்தான்.

இசுமி எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் அடக்கினார்: எதுவும் குழப்பமாக இருக்கக் கூடாது. மரம்போல் தோன்றும் பிளாஸ்டிக் வேண்டாம், மரமென்றால் மரம். தண்ணீர் தேங்கியதுபோல் மினுக்கும் தரை வேண்டாம். சுவரா கதவா என்று யோசிக்கவைக்கும் கதவு வேண்டாம். கட்டடத்தின் வெளித்தோற்றமும் இது என்ன இடமோ என்று மிரட்டாமல் மனிதர் வாழும் இடமாகத் தெரிய வேண்டும்.

ஆஸ்மண்டின் 1957 கட்டுரையோடு இசுமியின் வரைபடமும் பேசப்பட்டது. வட்ட வடிவ வார்டு. சுற்றுவட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனியறை. அறைக்கு வெளியே வந்தால் இரண்டு மூன்று பேர் மட்டும் உட்காரும் சிறிய முற்றம். அதையும் தாண்டி வந்தால், நடுவில், எல்லோரும் கூடும் இடம். நடைபாதையே கிடையாது! தனியாக இருக்க நினைத்தால் தனியாக இருக்கலாம், இன்னொருவரோடு இருக்க நினைத்தால் அப்படி. கூட்டத்துக்கு எத்தனை அடி நெருங்குவது என்பது நோயாளியின் கையில்.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அதுவரை இருந்த பொருள் பூட்டு, கம்பி, இடைவிடாத பார்வை. இந்த வரைபடத்தில் அதற்கு இன்னொரு பொருள் வந்தது: பின்வாங்க ஓரிடம் இருப்பது. மூலைக்குத் தள்ளப்பட்டவர்தான் கை ஓங்குவார். போக ஓர் அறை இருந்தால் போய்விடுவார்.

* * *

காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காசு?

மாகாண அரசின் அதிகாரிகள் ஏற்கெனவே 'சஸ்காச்சுவான் திட்டம்' என்று ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக வேபர்ன் போன்ற ராட்சதக் கட்டடங்கள் வேண்டாம். வட்டாரத்துக்கு ஒன்றாகச் சிறிய மருத்துவமனைகள், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே. ஆனால் டக்ளஸ் அரசின் கண்ணெல்லாம் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற பெரிய பந்தயத்தில் இருந்தது. மனநோயாளிக்கு ஓட்டு குறைவு. எந்த நாட்டிலும் அவர்களின் கோப்பு அடியில்தான் இருக்கும். ஆண்டுகள் தள்ளிப்போயின.

1961இல் டக்ளஸ் தேசிய அரசியலுக்குப் போனார். அதே ஆண்டு ஆஸ்மண்டும் வேபர்னை விட்டுக் கிளம்பினார். 1962 ஜூலை 1ஆம் தேதி மருத்துவக் காப்பீடு அமலுக்கு வந்த அன்றே மாகாணத்து மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, 23 நாள் அரசாங்கம் ஆட்டம் கண்டது.

இந்த அமளிக்கு நடுவேதான், மாகாணத்தின் கிழக்கே யார்க்டன் என்ற ஊரில் இசுமியின் கட்டடம் எழுந்தது. வட்டம் வட்டமாக வரவில்லை. செலவும் கட்டுமான வசதியும் அதை நேர்கோடுகளாக்கிவிட்டன. ஆனால் உயிர் தப்பியது. ஒரே ராட்சதக் கட்டடத்துக்குப் பதில் வீடுபோன்ற சிறு சிறு பகுதிகள். எல்லாம் சேர்த்தே சுமார் 150 படுக்கைகள்தான். கிர்க்பிரைட் போட்ட 250 என்ற கோட்டுக்குள், நூறாண்டு கழித்து, கடைசியில் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார்.

அமெரிக்காவிலிருந்தும் பார்க்க வந்தார்கள், பாராட்டினார்கள். பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்ட் அரசு மருத்துவமனை இதே சிந்தனையைப் பின்பற்றியது. சஸ்காச்சுவானில் இதைப்போல் இன்னும் பல வட்டார மருத்துவமனைகள் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. யார்க்டன் ஒன்றோடு நின்றது.

ஏனென்றால் அதற்குள் வேறு காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரை 1950களின் நடுவிலேயே வார்டுகளுக்குள் வந்துவிட்டது. கூச்சல் அடங்கியது, பூட்டுகள் குறைந்தன. நல்ல கட்டடம் எப்படிக் கட்டுவது என்ற கேள்வியை ஓரமாக நகர்த்திவிட்டு, கட்டடமே எதற்கு என்று அதிகாரிகள் கேட்க ஆரம்பித்தார்கள். கணக்குப் பார்ப்பவருக்கு இரண்டாவது கேள்விதான் பிடிக்கும். அதற்குச் செங்கல் செலவில்லை.

1963இல் வேபர்னில் ஏறக்குறைய 1,500 நோயாளிகள் இருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 500க்குக் கீழே இறங்கியது.

முப்பது, நாற்பது ஆண்டு அந்த உயரமான கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு வாசலைத் தாண்டினார்கள். சிலருக்குக் காத்திருக்கக் குடும்பம் இருந்தது. மற்றவர்கள் போனது யார் யாருடைய வீட்டு மாடி அறைக்கோ, வாடகைக்கு விட்ட பின்கட்டுக்கோ. ஜன்னல் இருக்கிறதா, பேச்சுத் துணைக்கு எதிரே ஒரு நாற்காலி இருக்கிறதா, சுவரில் கடிகாரம் இருக்கிறதா என்று அந்த அறைகளுக்குள் எட்டிப் பார்க்கப் போனவர் யார்?

(தொடரும்)